மாமாவின் பியானோவுக்கு நான் எண்ணெய் போட்ட கதை

ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் அந்தப் பொருளுக்குப் பெரிய ஆபத்து வந்துவிடாது. அவன் பயந்துகொண்டு தள்ளி நிற்பான். முழுதாகத் தெரிந்தவனாலும் பயமில்லை. பாதிப் புத்தகம் படித்துவிட்டு, மீதியைச் சொந்த மூளையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிறான் பாருங்கள், அவனிடமிருந்துதான் வீட்டுச் சாமான்களைப் பூட்டி வைக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் நான் அப்படிப்பட்ட ஓர் ஆள். என்னைப் பூட்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம் அது. தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை கிடைத்து, காஜா பெராங்கில் இருந்த வேலாயுதம் மாமா வீட்டில் வந்து தங்கினேன். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஆனால் அந்த வட்டாரத்தில் டிக்கெட் வேலாயுதம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பியானோ வேலாயுதம் என்றால் மாட்டு வண்டிக்காரன்கூட வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

சினிமா பேச ஆரம்பிப்பதற்கு முன்பு, ஊமைப்படம் ஓடிய காலத்தில், மாமா ஒரு கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பக்கத்தில் ஒரு செரானிக்காரர், போர்த்துகீசிய வம்சத்துக்காரர், உட்கார்ந்து படத்துக்குத் தகுந்த மாதிரி பியானோ வாசிப்பார். குதிரை ஓடினால் குதிரை மாதிரி, கதாநாயகி அழுதால் அழுகிற மாதிரி. டிக்கெட் கிழித்து முடித்ததும் மாமா போய் அவர் பின்னால் நின்றுகொள்வார். நின்று நின்றே கற்றுக்கொண்டார். செரானிக்காரர் சிங்கப்பூருக்குப் போனதும் அந்த நாற்காலி மாமாவுக்கு வந்தது. பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. பியானோவைத் திரைக்குப் பின்னால் தள்ளினார்கள். கொட்டகை முதலாளி ஒருநாள், "எடுத்துட்டுப் போயிடு வேலு, எலி கூடு கட்டுது" என்றாராம். கொட்டகையிலிருந்து வீடு வரை மாமா அதை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். அத்தை கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் கட்டில் இல்லை, பியானோ இருந்தது. (இதை அத்தை எல்லா விருந்தாளிகளிடமும் சொல்லுவார்.)

நிற்கும் வகைப் பியானோ. அலமாரி மாதிரி சுவரோடு ஒட்டி நிற்கும். முன்பக்கம் மெழுகுவத்தி செருகப் பித்தளைக் கைகள் இரண்டு. மாமா அதைப் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு சின்ன மின்விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். ராப்பகலாக அது எரிந்துகொண்டே இருக்கும். நான்கு கால்களுக்கும் கீழே பீங்கான் கிண்ணங்கள், கிண்ணங்களில் மண்ணெண்ணெய். தினமும் காலையில் மூடியைத் திறந்து, கட்டைகள் மேல் வெளிச்சம் படும்படி வைப்பார். காய்ந்த துணியால்தான் துடைப்பார். வேறு ஒன்றும் செய்யமாட்டார். அக்கம்பக்கத்தில் உடம்பு சரியில்லாதவர்களைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

மாலை வேலை முடிந்து வந்து, பசியாறிவிட்டு வாசிக்க உட்காருவார். கீர்த்தனை வாசிப்பார், புதுப்படப் பாட்டு வாசிப்பார். கடைசியில் அவரே கட்டிய மெட்டு ஒன்றை வாசிப்பார். அதற்குப் பெயர் கிடையாது. இடது கை கீழே நடந்துகொண்டே இருக்கும். வலது கை அதன்மேல் எங்கெங்கோ போய்விட்டு வரும். தெருவில் சைக்கிளில் போகிற செட்டி வீட்டுப் பெண்கள் இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போவார்கள். மாமாவின் மகள் தனம் கதவோரம் நின்று கேட்பாள். நானும் கேட்பேன், அல்லது கேட்பதுபோல் தனத்தைப் பார்ப்பேன். (அவள் எனக்கு முறைப்பெண். இதில் ரகசியம் எதுவும் இல்லை. தோட்டத்திலிருந்து நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.)

தனத்தின் முன்னால் என் ஆங்கிலப் படிப்பைக் காட்ட வேண்டியிருந்தது. நூலகத்தில் தேடியபோது பழைய பியானோக்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் அகப்பட்டது. முதல் பாதி, பழைய பியானோவைப் பார்த்து அதன் வயதையும் பிறப்பிடத்தையும் கண்டுபிடிப்பது எப்படி என்பது. இரண்டாம் பாதி, அதைப் பராமரிப்பது எப்படி என்பது. முதல் பாதி சுவாரசியமாக இருந்தது. இரண்டாம் பாதி சலிப்பாக இருக்கும்போல் தோன்றியதால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மூடியைத் திறந்து என் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். கட்டைகளுக்கு மேலே தங்க எழுத்தில் ஒரு பெயர். "இதுதான் செஞ்சவன் பேரு" என்று அறிவித்தேன். மூடியின் உட்புறம் ராஜாக்களின் தலை போட்ட பதக்கங்கள் வரைந்திருந்தன. ஒரு பதக்கத்தின் கீழே வருடம் போட்டிருந்தது. "இதுதான் செஞ்ச வருஷம்." புரியாத மொழியில் இரண்டு வரி. "பிரெஞ்சு. அரண்மனையிலேர்ந்து வந்தது."

தனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். எனக்கு அது போதும்.

மாமா பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "குமரேசா, அந்தப் பேரு சிங்கப்பூர்ல இத வித்த கடைக்காரன் பேரு" என்றார். "அந்த வருஷம் எவனோ மெடல் வாங்குன வருஷம். மெடல் வாங்கி முப்பது வருஷம் கழிச்சிகூட அதை ஒட்டுவான். பாஷை ஜெர்மன்." பிறகு உள்ளே இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். "வயசு தெரியணும்னா இந்த நம்பரை வச்சித்தான் பாக்கணும். செஞ்சவன் பேரும் இங்கதான் இருக்கு, துரு மூடிக்கிச்சு."

"புத்தகத்துலயும் நம்பர் பத்திப் போட்டிருந்திச்சு மாமா" என்றேன். உண்மைதான், போட்டிருந்தது. நான் ராஜாக்களின் தலையைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டேன்.

கட்டைகளின் மேல் ஒட்டியிருந்தது தந்தம் என்பதை மட்டும் சரியாகச் சொன்னேன். ஒவ்வொரு கட்டையிலும் மயிரிழை மாதிரி ஒரு இணைப்புக் கோடு இருக்கும். தந்தத்தை இரண்டு துண்டாக ஒட்டுவதால் வருவது. மாமா என்னை முதுகில் தட்டினார். "பரவாயில்லையே! யானையைக் கண்டுபிடிச்சிட்டியே" என்றார். (காஜா பெராங் என்றால் மலாயில் கோபம்கொண்ட யானை என்று அர்த்தம். அன்று அந்த யானைக்கு இன்னும் கோபம் வரவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் வானொலிக்காரர் வருகிற செய்தி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளைப் பெருக்கப்போகிறார்கள், ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்களையும் பாடுபவர்களையும் கேட்டுப் பொறுக்குகிறார்கள் என்று பேச்சு. மாமாவின் நண்பர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். தமிழ்ப் பாட்டைப் பியானோவில் வாசிக்கிற ஆளா என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்து கேட்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமா அன்று சாப்பிடவில்லை. "இருட்டுல உக்காந்து வாசிச்சவன் நானு" என்றார் அத்தையிடம். "எல்லாரும் படத்தைத்தான் பாப்பாங்க. பாட்டை மட்டும் கேக்க ஒருத்தன் வர்றான் பாரு." சொல்லிவிட்டு எழுந்து போய்க் கைகளைக் கழுவிக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை.

இடையில் மூவாரில் அத்தையின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். யாராவது ஒருவர் போய்த் தலையைக் காட்டியே ஆக வேண்டும். மாமா வெள்ளிக்கிழமை கிளம்பினார்; சனிக்கிழமை மாலை திரும்பிவிடுவதாக ஏற்பாடு. படியிறங்கும்போது தனத்திடம், "லைட்டை அணைச்சிடாதே. காலையில மூடியைத் தொறந்து வையி. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கும் கேட்டது. ஆனால் அது தனத்துக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாமா வந்து பார்க்கும்போது பியானோ பளபளவென்று இருக்க வேண்டும் என்பது என் திட்டம். வானொலிக்காரர் வருகிற வீட்டில் பியானோவுக்குக் கீழே மண்ணெண்ணெய்க் கிண்ணமா? முதலில் கிண்ணங்களை எடுத்தேன். உள்ளே விளக்கு எரிவது பார்க்க அசிங்கமாக இருந்தது. தீப்பிடித்தாலும் பிடிக்கும் என்று சொல்லி அதையும் கழற்றினேன். அந்த வாரம் முழுக்க மழை. அறையே ஈரத்துணி மாதிரி இருந்தது. அந்த விளக்கின் சூடு போனால் மர வீட்டில் ஈரம் எங்கே போய் உட்காரும் என்று நான் யோசிக்கவில்லை.

"அப்பா அப்படித்தான் வைக்கச் சொல்லுவாரு" என்றாள் தனம்.

"அப்பாவுக்கு இதெல்லாம் படிக்க நேரம் ஏது?" என்றேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்ததும் கட்டைகளில் ஆரம்பித்தேன். தந்தம் லேசாக மஞ்சளடித்திருந்தது. பித்தளைக் குத்துவிளக்கை எப்படி விளக்குவோம்? எலுமிச்சம்பழமும் சோப்புத் தண்ணீரும். நன்றாகத் தேய்த்தேன். வெளுத்தது. அத்தைகூட எட்டிப் பார்த்து, "அட, புதுசு மாதிரி இருக்கே" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் தைரியம் கொடுத்தது. இரண்டாவது முறை தேய்க்கும்போது ஒரு தந்தத் துண்டு கையோடு வந்துவிட்டது. அடுத்த கட்டையிலும் வந்தது. பழைய காலத்துப் பசை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பது நான் படிக்காத பாதியில் இருந்திருக்க வேண்டும்.

"என்னாங்க இது, பல்லு மாதிரி விழுது!" என்றாள் தனம்.

"ஒட்டிடலாம்" என்றேன். "நீ கொஞ்சம் பசை காய்ச்சு."

அவள் அடுப்படிக்குப் போய் அரிசி மாவில் கெட்டியாகப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். (இந்தப் பகுதியை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை. நானும் மரியாதை கருதி விட்டுவிடுவேன். இன்று எழுதிவிட்டேன்.) இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை ஒட்டினோம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், என் வாழ்க்கையிலேயே மிக இன்பமான மாலை அது.

அந்த இன்பத்தில் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேல்மூடியைத் திறந்தபோது, கம்பிகளைச் சுற்றியிருந்த முளைகள் வரிசை வரிசையாகத் துருவேறி நிற்பதைப் பார்த்தேன். என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சைக்கிளில் எது துருப்பிடித்தாலும் எண்ணெய் போடுவேன், அது என்னைத் திட்டியதே இல்லை. தையல் இயந்திரத்து எண்ணெயைக் கொண்டுவந்து ஒவ்வொரு முளையின் அடியிலும் விட்டேன். பாதியில் தீர்ந்துபோனது. மீதிக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். சுத்தியல்கள் ஆடுகிற மூட்டுகளுக்கும் விட்டேன். கடைசியில் வெளிப்பலகைக்கும் உட்காரும் மணைக்கும் சப்பாத்து (ஷூ) பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு.

முளை என்றால் என்ன? ஒவ்வொரு கம்பியின் முனையும் ஓர் இரும்பு முளையில் சுற்றியிருக்கும். அந்த முளை மரக்கட்டைக்குள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் கம்பி இழுத்தது இழுத்தபடி நிற்கிறது, சுருதி நிற்கிறது. அது வழுக்காமல் இருப்பதுதான் அதன் ஒரே வேலை. அதற்குத்தான் நான் எண்ணெய் போட்டேன்.

சனிக்கிழமை இரவு மாமா வரவில்லை. மழையில் மூவார் ஆற்றைக் கடக்கிற பெரி (படகு) நின்றுவிட்டது. காலையில் அத்தை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். மாமா வருவதற்கு முன்பே வானொலிக்காரரின் கார் வந்து நின்றது. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு, இனிமையான குரல். அத்தை கோப்பியும் முறுக்கும் வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பியானோவின் வரலாற்றை எடுத்துவிட்டேன். கடைக்காரர், மெடல், ஜெர்மன் எல்லாவற்றையும் மாமா சொன்னபடியே சொன்னேன், நான் கண்டுபிடித்ததுபோல.

மாமா வந்து சேர்ந்தபோது வேட்டியில் முழங்கால் வரை சேறு. பின்பக்கம் ஓடிப்போய்க் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பியானோவைப் பார்த்தார். அதன் கறுப்புப் பளபளப்பைப் பார்த்தார். கீழே கிண்ணங்கள் இல்லாததையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். என்னை ஒரு முறை பார்த்தார். கேட்க நேரமில்லை. விருந்தாளி காத்திருந்தார்.

"மன்னிக்கணும் சார், பெரி லேட்டு" என்று சொல்லி மணையில் உட்கார்ந்தார். சலவை வேட்டியோடு.

முதல் ஐந்தாறு சுரங்கள் நன்றாக விழுந்தன. அவருடைய மெட்டுதான். வானொலிக்காரர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். அந்த ஆள் உண்மையாகவே கேட்டார்.

பிறகு, அழுத்திய கட்டை ஒன்று மேலே வரவில்லை. மாமா அதைச் சுண்டுவிரலால் தூக்கிவிட்டுத் தொடர்ந்தார். இன்னொன்று வரவில்லை. வேர்த்த விரலில் ஒரு தந்தத் துண்டு ஒட்டிக்கொண்டு கூடவே போனது, விரலை உதறினார், அது பறந்துபோய்க் கோப்பிக் கோப்பையில் விழுந்தது. வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்கியது. அதுவும் எல்லாம் ஒன்றாக இறங்கியிருந்தால் புது ராகம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு கம்பியும் தன் இஷ்டத்துக்கு இறங்கியது. மாமாவின் இடது கை ஒரு ஊரில் இருந்தது, வலது கை வேறு ஊரில் இருந்தது.

அப்போதுதான் எறும்புகள் வந்தன. தேங்காயெண்ணெயும் அரிசிப் பசையும் இருக்கிற இடத்துக்கு, மண்ணெண்ணெய்க் கிண்ணம் என்ற காவல் இல்லாத வழியில், ராத்திரியே குடிவந்துவிட்டவை. செவ்வெறும்பு. சத்தத்தில் கலைந்து, கட்டைகளின் இடுக்கிலிருந்து வரிசையாக ஏறி மாமாவின் கைமேல் போயின. எறும்பு கடிக்கக் கடிக்க மாமா வாசித்தார். கடைசியில் ஒன்று கழுத்தில் ஏறியிருக்க வேண்டும், "ஆ!" என்று துள்ளி எழுந்தார். திரும்பியபோது வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு, மணையின் வடிவத்திலேயே.

வெளியே சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். பயத்தில் வந்த சிரிப்பு. ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. மாமாவின் காதில் அது விழுந்தது.

அவர் மூடியை மெதுவாக இறக்கினார். வானொலிக்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். "இன்னிக்கி அதுக்கு உடம்பு சரியில்ல சார்."

"வேற எங்கயாவது பியானோ கிடைக்குமா?" என்று அவர் கேட்டார். நல்ல மனிதர். "நான் கொஞ்ச நேரம் இருக்கலாம்."

தனம் குடையைக்கூட எடுக்காமல் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் செமாபோக்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். அவள் நனைந்துகொண்டு திரும்பி வந்தபோது கார் கிளம்பிக்கொண்டிருந்தது. அன்று மதியமே அவர் ஜோகூரில் இருந்தாக வேண்டும். "அடுத்த தடவை வரும்போது கட்டாயம்" என்றார். அவர் மறுபடி வரவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மத்தியானம் மாமா முன்பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார்.

"எதுலல்லாம்டா எண்ணெய் போட்டே?"

"எல்லாத்துலயும் மாமா."

"முளையிலயுமா?"

"அதுலதான் மாமா நெறைய."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பழைய துணியை எடுத்து முளைகளைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனேன். "நீ போயி சாப்பிடு" என்றார். "நல்ல மனசோடதான் செஞ்சிருக்கே. அது தெரியுது." அன்று எனக்கு எதுவும் இறங்கவில்லை.

சில வாரம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனர் வந்தார். பியானோ பழுது பார்ப்பதில் பெரிய பெயர் எடுத்தவர். சொந்தக் கார், கழுத்துப்பட்டை, கோபக்காரர். முளைகளை ஒரு திருகியால் திருப்பிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் திரும்பின. கையில் பட்ட எண்ணெயை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டி மலாயில் கத்தினார்: "சியாப்பா புவாட் இனி?" யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "சாயா, துவான்." நான்தான் ஐயா.

"புக்கான்! சாயா!" என்று குறுக்கே விழுந்தேன். அவரில்லை, நான்.

"அவன் சின்னப் பையன், தெரியாம சொல்றான்" என்று மாமா மலாயில் சமாதானம் சொன்னார்.

"இல்லை, நான்தான்!"

சீனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "டுவா டுவா போடோ" என்றார். இரண்டு பேருமே முட்டாள்கள்.

அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். முளைகள் நிற்கிற மரக்கட்டை எண்ணெயைக் குடித்துவிட்டது. இனி எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். கட்டையை மாற்ற வேண்டும் என்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இவ்வளவு வயதான பியானோ அதைத் தாங்காது. மாமா தலையாட்டினார். பிறகு, "இதுக்கு என்னா வயசு இருக்கும்?" என்று கேட்டார். சீனர் எண்ணின் மேலிருந்த துருவைச் சுரண்டிப் பார்த்து ஒரு வருடம் சொன்னார். "நான் பொறந்த வருஷம்" என்றார் மாமா. சொல்லிவிட்டு அந்தக் கோபக்காரருக்குக் கோப்பி போட்டு வரச் சொன்னார்.

மாமா அப்புறம் பியானோ வாசிக்கவில்லை. கோயில் பஜனைக் குழுவில் ஆர்மோனியத்துக்கு ஆள் தேவைப்பட்டது, வெள்ளிக்கிழமைகளில் போக ஆரம்பித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் ஆர்மோனியத்தில் வலது கைதான் வாசிக்கும். இடது கை பின்னால் காற்றடித்துக்கொண்டிருக்கும். நான் எதிரில் உட்கார்ந்து அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். திறப்பது, மூடுவது, திறப்பது, மூடுவது. எத்தனை வருடம் கீழ்க்கட்டைகளில் நடந்த கை அது! ஒரு தடவை அவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். பாட்டின் நடுவிலேயே அந்தக் கையின் விரல்களை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். சமாதானப்படுத்தத்தான். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது.

பியானோ அந்த மூலையிலேயே நின்றது. புக்கிட் காதில் பக்கம் வீடு மாறியபோது தூக்கப் பார்த்தோம். உள்ளே கரையான் வேலையை முடித்திருந்தது. இரும்புச் சட்டம் மட்டும் தனியாக வந்தது.

தனத்தை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "பியானோவைத்தான் கெடுத்தான், பொண்ணையாவது பத்திரமா வச்சிக்கிறானா பாப்போம்" என்று அத்தை என் அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. கல்யாணத்துக்கு முந்தின நாள், தலையில் எண்ணெய் வைக்கிற சடங்கில் மாமா கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்று, "போடலாமாப்பா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது ஒரு வழக்காகிவிட்டது. கேட்காமலே உதவிக்கு வருகிற யாரைப் பார்த்தும், "நீ எண்ணெய் போடாம இரு, அதுவே போதும்" என்பார்கள். என் மகன் மைத்துனனின் காரைப் பழுது பார்க்கக் குனிந்தால், எங்கோ ஒரு மூலையிலிருந்து இந்தக் குரல் வரும். யாராவது இரண்டு பேர் ஒரு பழிக்குப் போட்டி போட்டால் "டுவா டுவா!" என்று கத்துவார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கதை தெரியாவிட்டாலும் சொல் தெரியும்.

தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது தனம் எழுந்து நின்று முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாள். மாமா துள்ளியது, தந்தம் கோப்பியில் விழுந்தது, எறும்பு எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, வேட்டியில் கறை எவ்வளவு அகலம் என்பது வரை. நானும் சிரிப்பேன். நன்றாகவே நடிப்பாள்.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்தே, தாத்தா அன்னிக்கி வாசிச்சது எப்படி இருக்கும்? அந்தப் பாட்டு?"

தனம் உடனே முனக ஆரம்பித்தாள். இரண்டு வரி போனதும் நின்றாள். "இல்ல, இப்படி இல்ல. இந்த எடத்துல மேல போகும்." நான் ஒரு வரி முனகிப் பார்த்தேன். "அது படப் பாட்டுங்க" என்றாள். மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அப்பா இருக்கறப்பவே கேட்டு வச்சிருக்கலாம்" என்றாள்.

பிறகு யாரோ எறும்புகளைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அவள் சேலையைச் சரி செய்துகொண்டு மறுபடி எழுந்து நின்றாள்.